பழைய கார், ஆடுகிற ஸ்ரியரிங், குறைந்த காசு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வன்னி முழுக்க ஓடுகிற கார்களில் நிறைய, முப்பது வயதைத் தாண்டியவை. கொரோலா டீஎக்ஸ், பெட்டி லான்சர், நிசான் சனி, மாருதி 800, இடைக்கிடை ஒரு மொரிஸ் மைனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திரும்ப அனுமதி வந்தது. புதிதாக ஒன்று வாங்குவது எங்கள் பக்கத்தில் அநேகமானோருக்கு எட்டாத காரியம். கையில் இருப்பதைத் திருத்தித்தான் ஓட வேண்டும்.

ஸ்ரியரிங் ஆட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். ஆட்டம் எந்த இணைப்பில் என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டு அறியும்வரை ஒரு சாமானும் வாங்காதீர்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது ஒரு சின்ன மூட்டு. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்று நான்கு சாமான் மாற்றுவதில்தான் காசு கரைகிறது.

அண்ணை, ஸ்ரியரிங் எண்டா கொஞ்சம் ஆடத்தானே செய்யும்? எவ்வளவுக்கு மேல போனா யோசிக்க வேணும்?

கொஞ்சம் ஆடும். முன்சில்லுகளை நேராக நிறுத்தி, ஸ்ரியரிங்கின் மேல்விளிம்பில் ஒரு துண்டு பிளாஸ்ரர் ஒட்டுங்கள். விரலால் மெதுவாக இடப்பக்கமும் வலப்பக்கமும் அசையுங்கள். சில்லு அசையத் தொடங்குமுன் அந்தப் பிளாஸ்ரர் போகிற தூரத்தை அடிமட்டத்தால் அளவுங்கள். ரொயோட்டா போன்ற ஜப்பான் கார்களின் கைநூல்களில் உச்ச அளவு 30 மில்லிமீற்றர், அதாவது ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ராக் (ஸ்ரியரிங்கின் திருப்பத்தைச் சில்லுகளுக்குக் கடத்தும் பல்லுக் கம்பி) உள்ள கார் நல்ல நிலையில் இருந்தால் அதில் பாதிகூட வராது. பவர் ஸ்ரியரிங் என்றால் இஞ்சினை ஓடவிட்டு அளவுங்கள்.

அளந்ததைக் கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். தேய்மானம் மெல்ல மெல்ல வருவதால் ஓட்டுகிறவரின் கை அதற்குப் பழகிவிடும். வேறொருவர் ஏறி ஓட்டிவிட்டு, "என்னடாப்பா இப்பிடி ஆடுது" என்றால் அவர் சொல்வதை நம்புங்கள்.

என்ர கார் நேராப் போகுதில்லை, அங்கயும் இங்கயும் இழுக்குது. இது ஸ்ரியரிங் லூஸ்தானே?

இல்லாமலும் இருக்கலாம். கைக்குத் தெரிகிற குறைகளை நாங்கள் எல்லாமே "லூஸ்" என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஸ்ரியரிங்கைத் திருப்பியும் கார் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புகிறது என்றால் அது ஆட்டம். ஒரே பக்கம் இழுத்தால் காற்றுக் குறைவு, அலைன்மென்ற் (சில்லுகள் நிற்கும் கோணம்), அல்லது ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிற பிரேக். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்ரியரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது சில்லின் பலன்ஸும் வளைந்த ரிம்மும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் கார் விலகினால் கீழ் ஆம் (சில்லைக் கீழிருந்து பிடிக்கும் கை) பூட்டியிருக்கும் ரப்பர் புஷ் வெடித்திருக்கலாம், அல்லது பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்காமல் இருக்கலாம்.

கார் அலைந்தால் முதலில் காற்று. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு என்று இருக்கும். அந்தத் தாள் உரிந்துபோயிருந்தால் கைநூலைப் பாருங்கள். அடுத்தது ரயரின் வயது. ரயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. பட்டன் (ரயர் வீதியில் படும் பக்கத்து மேடுபள்ளம்) இருந்தாலும் பக்கம் வெடித்த பத்து வயது ரயரில் கார் நேராக நிற்காது. இந்த இரண்டையும் பார்க்கச் செலவே இல்லை; பார்க்காமலே ராக் மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

கராச்சுக்குப் போகாமல் வீட்டு முற்றத்தில ஆட்டத்தைக் கண்டுபிடிக்கலாமோ?

கண்டுபிடிக்கலாம். இரண்டு பேர் வேண்டும், ஒரு ரோச் லைற் வேண்டும். அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

காரை மட்டமான தரையில் நிறுத்துங்கள். சில்லு நிலத்திலேயே இருக்கட்டும், தூக்க வேண்டாம். பாரம் சில்லில் இருக்கும்போதுதான் தேய்ந்த மூட்டு தன்னைக் காட்டும். ஒருவர் உள்ளே இருந்து ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாக, விடாமல் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர் கீழே பார்க்க வேண்டும்.

மேலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். ஸ்ரியரிங்கிலிருந்து இறங்குகிற கம்பி ராக்குக்குள் அல்லது பொக்ஸுக்குள் (ராக்குக்குப் பதிலாகச் சில கார்களில் இருக்கும் பல்லுப் பெட்டி) போகிற இடத்தில் ஒரு கப்ளிங் இருக்கும். சில கார்களில் அது ரப்பர், சிலவற்றில் இரும்பு யூ ஜொயின்ற். மேல்கம்பி திரும்பி, கீழ்க்கம்பி திரும்பாமல் நின்றால் ஆட்டம் அங்கேயே இருக்கிறது. பல தடவை அந்தக் கப்ளிங்கின் போல்ட் தளர்ந்திருப்பதுதான் முழு வருத்தமும். அதற்குச் செலவு ஒரு ஸ்பனர் மட்டும்.

பிறகு பொக்ஸ் அல்லது ராக், காரின் பொடியோடு (உடலோடு) பூட்டியிருக்கும் இடம். ஸ்ரியரிங் ஆடும்போது அது தானும் சேர்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். போல்ட் தளர்ந்திருக்கலாம், ராக்கைப் பிடிக்கும் ரப்பர் நைந்திருக்கலாம். பழைய கார்களில் பொக்ஸைச் சுற்றியுள்ள தகடு வெடித்திருப்பதும் உண்டு. கறள் கீறு தெரிந்தால் கம்பித் தூரிகையால் உரஞ்சிப் பாருங்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மூட்டாகப் போங்கள். மூட்டின் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி அசைந்து மற்றப் பாதி பின்தங்கினால் கையே சொல்லிவிடும். கண் தவறவிடுகிற ஆட்டத்தை விரல் தவறவிடாது. விரலை நசுக்கும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே இருப்பவரிடம் மெதுவாக ஆட்டச் சொல்லுங்கள்.

இத்தனையும் பார்த்தபின் ஒரு சில்லைத் தூக்குங்கள். மூன்று மணி, ஒன்பது மணி இருக்கும் இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் ரைரொட் எண்டும் (சில்லைத் திருப்பும் கம்பியின் வெளிமுனை மூட்டு) ராக் எண்டும் (அதன் உள்முனை மூட்டு) தெரியும். பன்னிரண்டு மணி, ஆறு மணி இடங்களில் ஆட்டினால் சில்லின் பேரிங் அல்லது போல் ஜொயின்ற் (சில்லைக் கீழ் ஆமோடு இணைக்கும் உருண்டை மூட்டு). இந்த இரண்டில் எது என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. உள்ளே இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாமல் நின்றால் போல் ஜொயின்ற்.

தூக்கும் இடமும் முக்கியம். கொரோலா, சனி, லான்சர், மாருதி எல்லாவற்றிலும் முன்பக்கம் ஸ்பிரிங் சொக்கப்சோவரைச் சுற்றி நிற்கும். அவற்றில் பொடியைத் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் கீழ் ஆமில் குந்தியிருக்கும் வாகனத்தில் அந்த ஆமுக்குக் கீழே ஜக் வைக்க வேண்டும். மாறி வைத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தமே மூட்டை இறுக்கிப் பிடித்து, தேய்ந்ததை நல்லது போலக் காட்டும்.

ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். மொத்தப் பனங்குற்றியோ பாலைக் குற்றியோ வைத்து, கழற்றிய சில்லையும் காருக்கு அடியில் படுக்கப் போடுங்கள். சீமெந்துக் கல் வேண்டவே வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாகப் பிளக்கும்.

ராக் எண்டு சொல்றியள், பொக்ஸ் எண்டு சொல்றியள். என்ர காரில எது?

மாருதி 800, பின்னாளைய கொரோலா, முன்சில்லு இழுக்கிற சனி எல்லாம் ராக். கொரோலா டீஎக்ஸ், பெட்டி லான்சர், பின்சில்லு இழுக்கிற பழைய சனி எல்லாம் பொக்ஸ். மொரிஸ் மைனர் 1948இல் வந்த நாளிலிருந்தே ராக். கீழே குனிந்து பார்த்தால் சந்தேகம் தீரும்: இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையோடு குறுக்கே கிடக்கும் குழாய் ராக். சாரதிப் பக்கம் சட்டத்தில் பூட்டிய இரும்புப் பெட்டியும் அதிலிருந்து இறங்குகிற ஒரு கையும் தெரிந்தால் அது பொக்ஸ்.

பொக்ஸுக்கு மேல ஒரு ஸ்குறூ இருக்கு, அதை இறுக்கினா சரி எண்டு சொல்லினம். உண்மையோ?

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் வன்னியில் நிறையப் பொக்ஸ்கள் கெட்டுப்போகின்றன.

பொக்ஸின் மூடியில் லொக் நட்டோடு ஒரு ஸ்குறூ இருக்கும். உள்ளே இருக்கும் பல்லுகளுக்கிடையே உள்ள இடைவெளியை அது குறைக்கும். ஆனால் பொக்ஸ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேய்வதில்லை. மாங்குளத்திலிருந்து முறிகண்டிவரை ஏ9 வீதி எவ்வளவு நேர் என்று தெரியும்தானே. இப்படி நேராக ஓடுகிற நேரம்தான் அதிகம் என்பதால் பொக்ஸின் நடுப்பகுதி அதிகம் தேயும், இரண்டு ஓரமும் புதிதுபோலவே இருக்கும். நடுவில் உள்ள ஆட்டத்தை முழுக்க எடுக்கும்வரை ஸ்குறூவை இறுக்கினால் திருப்பத்தில் ஸ்ரியரிங் இறுகிப் பிடிக்கும். திரும்பியபின் தானாக நடுவுக்கு வராது. தொடர்ந்து ஓடினால் பல்லே உடையலாம். ஒரு சந்தியில் திரும்பும்போது ஸ்ரியரிங் இறுகினால் என்ன நடக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதனால் ஸ்குறூவைத் தொடுவது கடைசி வேலை. அதற்கு முன் ஐட்லர் ஆம், டிராக் லிங்க் (பொக்ஸின் கையிலிருந்து போகும் இணைப்புக் கம்பி), ரைரொட் எண்ட் எல்லாம் பார்த்து முடித்திருக்க வேண்டும். டீஎக்ஸிலும் பெட்டி லான்சரிலும் "பொக்ஸ் போயிட்டுது" என்று வருகிறவர்களிடம் ஐட்லர் ஆமை ஆட்டிப் பாருங்கள் என்பேன். பொக்ஸுக்கு எதிர்ப்பக்கம், பயணி இருக்கும் பக்கத்துச் சட்டத்தில் பூட்டியிருக்கும் அந்தக் கையின் புஷ் தேய்ந்தால் அது மேலும் கீழும் ஆடும், கார் பாதை முழுக்க அலையும். புஷ் சின்னச் சாமான். பொக்ஸ் பெரிய சாமான்.

இன்னொன்று, பொக்ஸுக்குள் ஒயில் இருக்கிறதா? மூடியில் உள்ள பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அநேகமான பழைய ஜப்பான் பொக்ஸுகளுக்கு 90 கியர் ஒயில்தான். சீல் ஒழுகி, வருடக்கணக்காக ஒருவரும் ஊற்றாமல் காய்ந்து கிடக்கும் பொக்ஸுகளைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நோகும். ஒரு கோப்பை ஒயில் அதைப் பல வருடம் காப்பாற்றியிருக்கும்.

எல்லாம் பார்த்தபின்னும் ஆட்டம் பொக்ஸில்தான் என்றால், முன்சில்லு இரண்டையும் தூக்குங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்துங்கள், அதுதான் நடு. ஸ்குறூ நிற்கும் இடத்தைப் பெயின்ரால் அடையாளம் வையுங்கள். லொக் நட்டைத் தளர்த்தி, எட்டில் ஒரு சுற்று இறுக்குங்கள். ஸ்குறூ திரும்பாமல் பிடித்துக்கொண்டு நட்டைப் பூட்டுங்கள். பிறகு ஸ்ரியரிங்கை ஓரத்துக்கு ஓரம் திருப்பிப் பாருங்கள். எங்கேயாவது இறுகினால் உடனே பழைய அடையாளத்துக்குக் கொண்டுபோங்கள். ஆட்டம் கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை, இறுகக் கூடாது.

ராக் கார் எண்டா?

ராக்கில் முதலில் போவது வெளியில் இருக்கும் ரைரொட் எண்ட், அடுத்தது ரப்பர் உறைக்குள் இருக்கும் ராக் எண்ட், அதற்கடுத்தது பயணிப் பக்கத்துப் புஷ். கிறவல் வீதியில் "கடகட" என்று சத்தம் வந்து, ஸ்ரியரிங்கில் ஆட்டம் அவ்வளவு இல்லையென்றால் பெரும்பாலும் அந்தப் புஷ்தான். புஷ் மட்டும் மாற்றலாம், முழு ராக் தேவையில்லை. ராக்கிலும் இறுக்குகிற ஒரு பிளக் உண்டு. பொக்ஸுக்குச் சொன்ன அதே கட்டுப்பாடு அதற்கும்.

மொரிஸ் மைனர் வைச்சிருக்கிறன். அப்பாவின்ர கார். அதுக்கு ஏதும் தனியாச் சொல்லுவியளோ?

சொல்வேன், தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். மைனரின் முன்சில்லை மேலும் கீழும் தாங்குவது புரி வெட்டிய ட்ரணியன் என்ற சாமான். அது கிறீஸில்தான் உயிர் வாழ்கிறது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் கீழ் ட்ரணியனின் புரி தேய்ந்து, ஒரு நாள் மொத்தமாகக் கழன்று, சில்லு மடிந்து கார் மூக்கால் விழும். இது இந்தக் காரைப் பற்றி உலகம் முழுக்க அறியப்பட்ட குறை. ஆட்டம் தெரிந்தால் பின்போடாதீர்கள்.

கிறீஸ் அடிக்கும்போது சில்லைத் தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டு அடியுங்கள், அப்போதுதான் கிறீஸ் உள்ளே போகும். பழைய கறுத்த கிறீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடிக்க வேண்டும். நிப்பிள் (கிறீஸ் ஏற்றும் முனை) அடைத்திருந்தால் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். இந்தக் கார்களில் பல, பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடியவை. காயக்காரரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றி ஓடியவை. அவற்றைக் கிறீஸ் இல்லாமல் சாகவிடக் கூடாது.

ஒண்டு கேக்கிறன், ரைரொட் எண்டைச் சூடாக்கி அடிச்சு இறுக்கித் தாறம் எண்டு ஒரு இடத்தில சொல்லினம். காசு மிச்சம்தானே?

வேண்டாம். சூடாக்கினால் இரும்பின் பதம் மாறும், உள்ளே உருண்டை குந்தியிருக்கும் குழியும் கிறீஸும் எரிந்துபோகும். வெல்டிங் வைப்பது, ரியூப் ரப்பர் வெட்டி அடைப்பது, தகரம் மடித்துச் செருகுவது எல்லாம் இதே கணக்கு. ஸ்ரியரிங்கில் ஒரு மூட்டு கழன்றால் கார் உங்கள் சொல்லைக் கேட்காது.

அப்ப எதில மிச்சம் பிடிக்கலாம்?

லேத்தில் மிச்சம் பிடிக்கலாம். சாமான் வராத வருடங்களில் எங்கள் லேத்காரர்கள் எதையெல்லாம் கடைந்து கொடுத்தார்கள் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். ஐட்லர் ஆம் புஷ், ராக் புஷ், கீழ் ஆம் புஷ் போன்றவற்றை நல்ல நைலோனில் கடைந்து போடலாம். பழைய புஷ் கையில் இருந்தால் அதையும், அது பூட்டுகிற இரும்பையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அளவு சொல்லிச் செய்விப்பது சரிவராது. போல் ஜொயின்றையும் ரைரொட் எண்டையும் லேத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. அவை முழுதாக மாற்ற வேண்டியவை.

பாவித்த சாமானிலும் மிச்சம் பிடிக்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து கழற்றி வந்த ராக், பொக்ஸ், கப்ளிங் எல்லாம் எடுக்கலாம். கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லி விடுவதானால் மொடல் இலக்கமும் பழைய சாமானின் படமும் கொடுத்து விடுங்கள். ராக் வாங்கும்போது பினியனைக் (ராக்கை நகர்த்தும் பல்லுத் தண்டு) கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்: ஓரத்துக்கு ஓரம் ஒரே இலகுவாகப் போக வேண்டும், நடுவில் ஆட்டமோ ஓரத்தில் இறுக்கமோ இருக்கக் கூடாது, பல்லில் கறள் இருக்கக் கூடாது. ஆனால் பாவித்த போல் ஜொயின்ற், பாவித்த ரைரொட் எண்ட் வாங்குவது காசை வீசுவது.

புதிய எண்ட் வாங்கும்போது இரண்டு விலை சொல்வார்கள். மலிவானதன் ரப்பர் உறை ஒரு கோடையிலேயே வெடிக்கும். உறை வெடித்தால் மூட்டும் போகும். நான் விலை கூடியதையே வாங்கச் சொல்வேன். வேலைக்கூலியும் அலைன்மென்ற் காசும் இரண்டு தடவை கொடுக்கிற செலவு, அந்த விலை வித்தியாசத்தைவிட அதிகமாக வரும்.

ரைரொட் எண்டை நானே மாத்தலாமோ?

ஸ்பனர் பிடிக்கத் தெரிந்தவர் மாற்றலாம். முதலில் கம்பியில் உள்ள லொக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அது நின்ற இடம்தான் புதியது நிற்க வேண்டிய இடம். கொட்டர் பின்னை (நட்டு கழலாமல் ஓட்டையில் மாட்டியிருக்கும் கம்பி) எடுத்து, நட்டைக் கழற்றுங்கள். மூட்டு ஆமுக்குள் இறுகி நிற்கும். புரியின் மேல் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஆமின் கண்ணுக்கு (மூட்டு நிற்கும் ஓட்டைக்கு) ஒரு பக்கம் பாரமான சுத்தியலை அணைத்துக்கொண்டு, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால் விட்டுக்கொடுக்கும். பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, புதியதை அத்தனை சுற்றே ஏற்றுங்கள். சில கார்களில் ஒரு பக்கம் இடப்புரி, பலவந்தப்படுத்தாதீர்கள்.

நட்டை இறுக்கியபின் கொட்டர் பின் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள். தளர்த்தி நேராக்குவது தவறு. கொட்டர் பின் எப்போதும் புதிது. கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டு அனுப்புகிற வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அலைன்மென்ற் மெசின் பட்டணத்தில. நான் ஒட்டுசுட்டானுக்கும் உள்ள. அதுவரைக்கும் எப்பிடி ஓடுறது?

நூல் பிடிக்காமல் அளவு நாடாவால் அளக்கலாம். நெல் காயப்போடும் சீமெந்துத் தளம் இதற்கு நல்ல இடம். காரைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி நேராக நிறுத்துங்கள். இரண்டு முன்ரயரின் பின்பக்கத்திலும், அச்சின் உயரத்தில், பட்டனின் நடுவில் சோக்கால் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் இடையிலான தூரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு காரை முன்னுக்கு உருட்டி, அதே கோடுகள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வரும்போது நிறுத்தி, திரும்ப அளவுங்கள். பின்சில்லு இழுக்கிற பழைய கார்களில் முன் அளவு, பின் அளவைவிடச் சில மில்லிமீற்றர் குறைவாக வர வேண்டும். முன்சில்லு இழுப்பவற்றில் ஏறக்குறைய சமமாக வரும். உங்கள் காரின் சரியான எண் கைநூலில் இருக்கும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டு பக்கக் கம்பியையும் சமமாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்ரியரிங் கோணலாக நிற்கும். இது பட்டணம் போகும்வரைக்குமான ஏற்பாடு. மெசினில் ஒரு தடவை கட்டாயம் பாருங்கள், இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த காசை ரயர் தின்றுவிடும்.

பவர் ஸ்ரியரிங் ஒயில் குறைஞ்சா ஆட்டம் வருமோ?

வராது. பாரமாகும், உறுமும்.

ஏன் எங்கட பக்கத்துக் காருகளுக்கு இது அடிக்கடி வருது? யாழ்ப்பாணத்தில இருக்கிற அண்ணாவின்ர கார் இவ்வளவு இல்லை.

வீதிதான். ஏ9 காப்பெற் வீதி. ஆனால் அதிலிருந்து இறங்கி முத்தையன்கட்டுப் பக்கமோ அக்கராயன், மல்லாவிப் பக்கமோ உள்ளே போனால் கிறவலும் குளக்கட்டும். கோடையில் மாவுபோன்ற செம்புழுதி, மாரியில் வான் பாய்கிற தாம்போதியில் அரைச் சில்லுத் தண்ணீர். கரையோரம் என்றால் உப்பும் சேரும். மூட்டுக்கு வெளியே இருக்கும் அந்தச் சின்ன ரப்பர் உறை கிழிந்தால் புழுதி உள்ளே போய்க் கிறீஸோடு சேர்ந்து அரம்போல அராவும். தண்ணீர் போனால் கறள்.

அதனால் உறை வெடித்ததைக் கண்ட அன்றே, மூட்டு இன்னும் ஆடாவிட்டால், பழையதைத் துடைத்துப் புதுக் கிறீஸ் வைத்துப் புது உறை போடுங்கள். உறை தனியாக வாங்கலாம். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவையும், வெள்ளம் வடிந்தபின் ஒரு தடவையும் காருக்குக் கீழே குனிந்து எல்லா உறைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். ராக்கின் மடிப்பு ரப்பருக்குள் தண்ணீர் நின்றால் அமுக்கும்போது குலுங்கும்.

கையில காசு கொஞ்சம். வயல் வெட்டினாப் பிறகுதான் மிச்சம். எதை இப்ப செய்ய, எதைப் பிறகு செய்ய?

காற்று, தளர்ந்த போல்ட்டுகள், பொக்ஸ் ஒயில், கிறீஸ்: இவை இன்றைக்கே. பேரிங் ஆடுகிறது, அது இறுக்கக்கூடிய பழைய வகை என்றால் அதுவும் இன்றைக்கே. சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்திப் புதுக் கொட்டர் பின் போடுங்கள். போல் ஜொயின்ற் அல்லது ரைரொட் எண்ட் ஆடினால் அறுவடைவரை காத்திருக்கக் கூடாது. கடன் வாங்கியாவது செய்யுங்கள், அல்லது காரை நிறுத்திவைத்து மோட்டார் சைக்கிளில் போங்கள். ராக் புஷ் சத்தம், பொக்ஸின் நடுவில் உள்ள சிறு ஆட்டம், அலைன்மென்ற் ஆகியவை வயல் வெட்டும்வரை பொறுக்கும்.

ஒரு பக்க எண்ட் போனால் மறுபக்கமும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். மறுபக்கம் கையால் ஆட்டிப் பார்த்து இறுக்கமாக இருந்தால், உறையும் முழுதாக இருந்தால், விட்டுவிடுங்கள்.

எந்த நிலையில காரை எடுக்கவே கூடாது?

திருப்பும்போது "டக்" என்று ஒரு சத்தம் புதிதாக வந்தால். ஆட்டம் ஒரு கிழமைக்குள் திடீரென்று கூடினால். ஒரு முன்சில்லு மற்றதைவிடச் சரிந்து நிற்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தால். ஸ்ரியரிங் இடையில் இறுகினால். அப்படியான காரை மெதுவாக ஓட்டிக் கராச்சுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அல்லது ஏற்றிக் கொண்டுபோங்கள். இரவில் ஏ9இல் மாடு படுத்திருக்கும், பின்லைற் இல்லாத உழவு மெசின் போகும், சில இடங்களில் யானை குறுக்கிடும். ஒரு கணத்தில் விலக்க வேண்டிய வீதி அது.

போன மாதம்தான் புகைப் பரிசோதனை பாஸ் பண்ணி வரிப்பத்திரம் எடுத்தனான். அப்ப வாகனம் சரிதானே?

அங்கே பார்த்தது புகையை மட்டும். பேருந்துக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்பார்கள். தனியார் காரின் ஸ்ரியரிங்கை எந்தப் பத்திரத்துக்காகவும் ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பழைய கார் ஒண்டு வாங்கப் போறன். ஸ்ரியரிங்கை எப்பிடிப் பாக்கிறது?

மேலே சொன்ன இரண்டு பேர் பரிசோதனையைச் செய்ய விற்பவர் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் வேறு கார் பாருங்கள். முன்ரயர் இரண்டின் பட்டனையும் உள்ளங்கையால் தடவுங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ற் அல்லது மூட்டு. பட்டன் ஏறி இறங்கிக் குழிகுழியாக இருந்தால் சொக்கப்சோவரோ தேய்ந்த மூட்டோ. பொக்ஸ் ஸ்குறூவைப் பாருங்கள்: சுற்றிலும் பழைய அழுக்கு இருக்க, ஸ்குறூவின் தலை மட்டும் பளபளத்தால் விற்பதற்காக இறுக்கியிருக்கிறார்கள். வெறும் வீதியில் மெதுவாக ஓடி, முழுதாகத் திருப்பிக் கையைத் தளர்த்துங்கள். ஸ்ரியரிங் தானாக நடுவை நோக்கி வர வேண்டும். பிறகு ஓரத்துக்கு ஓரம் மெதுவாகத் திருப்பி, இறுகுகிற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த எண்டுகளுக்கு விலையில் குறைத்துக் கேட்கலாம். பொக்ஸ் பூட்டிய தகட்டில் வெடிப்பும் அதன்மேல் புதுப் பெயின்ரும் கண்டால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.